இரண்டாம் எலும்புக்கூடு



எலும்பு உயிருள்ள பொருளா, உயிரற்ற பொருளா என்று எந்த வகுப்பிலேனும் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் உயிரற்றது என்றே விடை கூறுவர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. நாம் எலும்பைக் கண்ணால் காணும் இடங்கள் யாவை? உயர்நிலைப் பள்ளி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிப் பேழையிலே கம்பியால் கோத்துத் தொங்கவிடப்பட்ட கூடு ஒன்று. வயல்வரப்பில் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் மாட்டின் தலையோடு ஒன்று. இரண்டும் உயிர் நீங்கியபின் எஞ்சியவை. மரத்தை அறியாதவன் ஒருவன் நாற்காலியைக் கண்டு, மரம் என்பது இதுவே என்று முடிவு செய்தால் எப்படியோ, அப்படியே இதுவும்.

பாடநூல்கள் எலும்புக் கூட்டை வீட்டின் தூணுக்கும் உத்தரத்துக்கும் ஒப்பிடும். சிறுவர்க்குத் தொடக்கத்தில் அவ்வுவமை போதும். ஆனால், எந்த வீட்டுத் தூணும் தானே தன்னை இடித்துத் தானே தன்னைக் கட்டிக்கொள்வதில்லை. எலும்போ அதனை இடைவிடாது செய்கிறது. எலும்பினுள் குருதி பாய்கிறது, நரம்புகள் நுழைகின்றன, இருவகை உயிரணுக்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒருவகை, பழைய எலும்பை அரித்து எடுப்பவை. மற்றொருவகை, அரித்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டுபவை. வளர்ந்த மனிதர் உடலில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. பத்தாண்டுகளுக்கு முன் என்னைத் தாங்கி நின்ற எலும்பின் பெரும்பகுதி இன்று என் உடலில் இல்லை. வீடு அதே வீடுதான், செங்கல்லெல்லாம் புதியவை.

இந்த இடிப்பவனுக்கும் கட்டுபவனுக்கும் உள்ள உடன்பாடு பிறழ்ந்தால் என்ன ஆகும்? இடிப்பவன் வேலையை நிறுத்திவிட்டால் எலும்பு மேன்மேலும் அடர்ந்து, மஜ்ஜைக்கு இடமின்றிப் போகும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து மருத்துவர் ஆல்பர்ஸ் ஷோன்பர்க் என்பவர் 1904ஆம் ஆண்டில் இத்தகைய நோயாளி ஒருவரை எக்ஸ்ரே படத்தின் துணையால் கண்டு விவரித்தார். ராண்ட்ஜன் அக்கதிரைக் கண்டுபிடித்து அப்போது ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. பளிங்குக்கல் எலும்பு நோய் என்பது இதற்கு வழங்கிய பெயர். பெயரைக் கேட்டால் எலும்பு வலுவானது என்று தோன்றும். உண்மையில் அது பளிங்கைப் போலவே எளிதில் உடையும். கனம் வேறு, வலிமை வேறு.

எலும்பு எளிதில் முறிவதற்கு இதனினும் சற்றே மிகுதியாகக் காணப்படும் காரணம் ஒன்று உண்டு. கட்டடத்திலே சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி கிடப்பதுபோல, எலும்பின் சுண்ணாம்புச் சத்துக்குள் கொலாஜன் என்னும் புரத இழைகள் கிடக்கின்றன. அவ்விழைகள் பிறவியிலேயே பழுதுபட்டிருந்தால், தும்மினால்கூட விலா எலும்பு முறியும். இக்குழந்தைகள் பலருக்குக் கண்ணின் வெள்ளை விழி நீலம் பாய்ந்திருக்கும். நான் தலைமையாசிரியனாக இருந்த நாளில் இந்நோயுடைய சிறுவன் ஒருவன் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். அவனுக்காக நாங்கள் செய்த ஏற்பாடு மிகச் சிறியது. ஒவ்வொரு இடைவேளைக்கும், மணி அடிப்பதற்கு ஐந்து நிமிடத்திற்கு முன்னரே அவனும் அவனுடைய தோழன் ஒருவனும் வகுப்பைவிட்டுப் புறப்படலாம் என்பதே அது. எண்ணூறு பிள்ளைகள் ஒருசேர இறங்கும் படிக்கட்டில் அவன் இறங்க நேர்ந்ததில்லை. தோழனாகச் செல்வதற்கு வகுப்பில் கடும் போட்டி இருந்தது. அதற்குக் காரணம் அன்பு மட்டுமன்று, அந்த ஐந்து நிமிடமும்தான்!

நிற்க. இடிப்பதில் பிழை, பொருளில் பிழை ஆகிய இரண்டையும் கண்டோம். நான் இன்று விரித்துரைக்க விரும்புவது மூன்றாவது ஒன்று. இதிலே இடிப்பவன் மீது குற்றமில்லை. கட்டும் பொருளிலும் குற்றமில்லை. கட்டப்படும் எலும்பு முதல்தரமான எலும்பு. கட்டும் இடந்தான் தவறு. தசையிலே, தசைநாணிலே, மூட்டுகளைப் பிணைக்கும் நார்களிலே, எங்கே எலும்பு இருத்தல் ஆகாதோ அங்கெல்லாம் எலும்பு முளைக்கிறது. பிறவியில் பெற்ற எலும்புக்கூட்டின்மீது இரண்டாவது எலும்புக்கூடு ஒன்று சிறிது சிறிதாகப் படர்ந்து, மூட்டுகளைப் பூட்டி, மனிதனை அவன் உடலுக்குள்ளேயே சிறைவைக்கிறது. ஃபைப்ரோடிஸ்பிளாசியா ஆசிஃபிகன்ஸ் புரோக்ரெசிவா என்பது மருத்துவ நூல்கள் இதற்கு இட்டிருக்கும் பெயர். மேன்மேலும் முற்றும் தசை எலும்பாக்க நோய் என்று நாம் தமிழில் கூறிக்கொள்ளலாம்.

அகலிகை கல்லான கதையை நம்மில் அறியாதார் இல்லை. அக்கதையிலே ஒரு சாபத்தில், ஒரு நொடியில் அது நிகழ்ந்தது. இந்நோயில் அது முப்பது நாற்பது ஆண்டுகளாக நிகழ்கிறது. அவ்வளவு காலமும் அறிவு முழுத் தெளிவோடு விளங்குகிறது.

நோய் மிக அரிது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு ஒருவர் என்பது மதிப்பீடு. ஆண் பெண் என்றோ, இன்ன நாட்டார் இன்ன இனத்தார் என்றோ இதற்கு வேறுபாடு இல்லை. நம் நாட்டு மருத்துவ இதழ்களிலும் இந்நோயாளர் பற்றிய குறிப்புகள் வெளிவந்துள்ளன.

அரிதாயினும் இது புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டில் பாரிசு நகரில் வாழ்ந்த கீ பத்தேன் என்னும் மருத்துவர், மரமாக மாறிவிட்ட ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார். லண்டனில் புனித பார்த்தலோமியு மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் ஃப்ரீக் 1736ஆம் ஆண்டில் அனுப்பிய கடிதமோ இன்னும் தெளிவானது. ஏறத்தாழப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் முதுகெல்லாம் கட்டிகளோடு மருத்துவமனைக்கு வந்தான். பார்வைக்கு நல்ல உடல்நலம் உடையவன். ஆனால், அவனுடைய கழுத்தெலும்புகளிலிருந்தும் விலா எலும்புகளிலிருந்தும் புதிய எலும்புகள் கிளைத்து, பவளம் கிளைவிடுவது போலப் பின்னிப் பிணைந்து முதுகை மூடியிருந்தன என்று ஃப்ரீக் விவரித்தார். எக்ஸ்ரே இல்லை, நுண்ணாய்வு இல்லை. கையால் தடவியும் கண்ணால் பார்த்தும் எழுதிய அவ்விவரம் இன்றும் ஏற்கத்தக்கதாக நிற்கிறது. பார்ப்பதைப் பார்த்தபடியே எழுதும் பழக்கம் எத்துணை விலைமதிப்புடையது என்பதற்கு, ஆய்வுக் குறிப்பேட்டை வீட்டில் அமர்ந்து நிரப்பும் மாணவர்கள் இதனை ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

இந்நோய் உடலில் நடந்துகொள்ளும் முறையை இனிக் காண்போம். குழந்தை பிறக்கும்போது ஏனைய குழந்தைகளைப் போலவே தோன்றும், ஒன்றே ஒன்று நீங்கலாக. இரு கால்களிலும் பெருவிரல் குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் சாய்ந்து வளைந்திருக்கும். இவ்வடையாளத்தை நினைவில் வையுங்கள்; இதற்கு மீண்டும் வருவேன். பிறகு, பெரும்பாலும் முதல் பத்து வயதுக்குள், கழுத்திலோ முதுகிலோ தோளிலோ ஒரு வீக்கம் திடுமெனத் தோன்றும். சிவந்து, சூடேறி, வலி மிகுந்திருக்கும். விழுந்ததனால் வரலாம், அடிபட்டதனால் வரலாம், சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வரலாம், காரணம் ஏதுமின்றியும் வரலாம். சில வாரங்களில் வீக்கம் வடியும். வீட்டார் மகிழ்வர். ஆனால், வீங்கிய இடத்தில் முன்பு மென்மையாக இருந்த தசை இப்போது கல்லாக இருக்கும்.

அவ்விடத்திலே நிகழ்வது யாது? முதலில் அழற்சி கண்டு தசைநார்கள் அழிகின்றன. அவ்விடத்தில் குருத்தெலும்பு உண்டாகிறது. அக்குருத்தெலும்பு பின்னர் உண்மையான எலும்பாக மாறுகிறது. உயிரியல் பயிலும் மாணவர்க்கு இவ்வரிசை பழக்கமானதாய் இருக்க வேண்டுமே! கருவறையில் குழந்தையின் கை கால் எலும்புகள் குருத்தெலும்பு வழியாக உருவாகும் அதே வரிசை இது. புதிய எலும்பினுள் மஜ்ஜையும் இருக்கும். அது முறிந்தால் மற்ற எலும்பைப் போலவே கூடும். கருவில் ஒருமுறை நடந்து முடிய வேண்டிய பணி, முடிந்தபின்னும் நிறுத்துவாரின்றித் தொடர்கிறது.

அப்பணிக்கு ஓர் ஒழுங்கும் உண்டு. முதுகுப்புறம் முந்தும், முன்புறம் பிந்தும். தலைப்பக்கம் முந்தும், கால்பக்கம் பிந்தும். தோளும் இடுப்பும் முந்தும், மணிக்கட்டும் கணுக்காலும் பிந்தும். கருவில் எலும்புக்கூடு உருவாகும் ஒழுங்கையே இதுவும் பெரிதும் ஒத்திருக்கிறது. நாக்கு, கண்விழியை அசைக்கும் தசைகள், உதரவிதானம், இதயம் ஆகியவற்றை மட்டும் இந்நோய் தீண்டுவதில்லை. நோயாளர் மிகப் பலர் முப்பது வயதை எட்டுமுன் சக்கர நாற்காலியை நாட வேண்டியவராகின்றனர். தாடை பூட்டிக்கொண்டால் உண்பது அரிதாகும். மார்புக்கூடு விரிய இயலாமற்போவதே பெரும்பாலும் முடிவுக்குக் காரணமாகிறது. மூச்சை இழுக்கும் உதரவிதானம் நலமாகவே இருக்கும். விரிந்து கொடுக்க விலாக்கூடுதான் மறுத்துவிடும்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் 1933இல் பிறந்தவர் ஹாரி ஈஸ்ட்லாக். நான்கு வயதில் தம் தமக்கையோடு விளையாடிக்கொண்டிருந்தபோது மோட்டார் வண்டி மோதிக் கால் முறிந்தது. முறிவு கூடிய பின்னும் இடுப்பும் முழங்காலும் விறைத்தன. தொடையில் எலும்பு முளைத்திருந்தது கண்டு, வேண்டாத எலும்பை வெட்டி நீக்கிவிட்டால் கால் மடங்கும் என்று மருத்துவர் கருதினர். எவரும் அவ்வாறே கருதுவர். அறுவை பலமுறை செய்தார்கள். வெட்டிய இடத்தில் முன்னினும் தடித்த எலும்பு வளர்ந்தது! ஏனெனில், அறுவைக் கத்தியும் ஒரு காயமே. எந்தக் காயத்தைக் கண்டாலும் எலும்பு கட்டத் தொடங்கும் உடலுக்கு, மருத்துவர் கையால் வந்த காயம், மோட்டாரால் வந்த காயம் என்ற வேறுபாடு தெரியுமா? நாற்பது வயது நிறையச் சில நாட்களே இருக்கையில், 1973ஆம் ஆண்டு நவம்பரில் நிமோனியாக் காய்ச்சலால் அவர் மறைந்தார். அப்போது அவரால் அசைக்க இயன்றவை உதடுகளே. தம்மையொத்த நோயாளர் ஒருவரையும் அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. தம் உடலை ஆராய்ச்சிக்கு அளிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவருடைய எலும்புக்கூடு அந்நகரத்து மியூட்டர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆய்வுக்கூடத்துக் கூடுகளைக் கம்பியால் கோக்காவிட்டால் எலும்புகள் தனித்தனியே உதிர்ந்து விழும். இதற்கோ கம்பி பெரிதும் தேவைப்படவில்லை. பட்டையும் பாலமுமாக வளர்ந்த இரண்டாவது எலும்பே முதலாவதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அறுவை கூடாது என்பதோடு நில்லாமல், இந்நோயில் சோதனைக்காகத் துணுக்குத் தசையை வெட்டி எடுப்பதுங்கூடத் தீங்காகும். இங்கேதான் துயரம் மிகுதி. குழந்தையின் முதுகில் திடீரென்று எழுந்த கட்டியைக் காணும் மருத்துவர் முதலில் அஞ்சுவது புற்றுநோயை. புற்றோ அன்றோ என்று தெளியத் துணுக்கு வெட்டச் சொல்வதே முறை. அம்முறையே இங்குப் பகையாகிறது. 2005ஆம் ஆண்டில் 138 நோயாளரிடம் கேட்டுத் தொகுத்த ஆய்வு ஒன்றில், நூற்றுக்கு 87 பேருக்கு முதலில் நோய் தவறாகவே கணிக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழப் பாதிப் பேர், மருத்துவத் தலையீட்டினாலேயே உடலின் ஏதேனும் ஓர் அசைவை நிலையாக இழந்திருந்தனர். இதனை மருத்துவரைப் பழிக்கும் செய்தியாகக் கொள்ள வேண்டா. வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்டிராத நோயை ஒருவர் எவ்வாறு நினைவுகூர்வார்?

அதனால்தான் பெருவிரல் அடையாளத்தை நினைவில் வைக்கச் சொன்னேன். கட்டி முதுகில், விடை காலில். குழந்தையின் காலுறையைக் கழற்றிப் பார்க்க ஒரு காசும் செலவில்லை. கட்டியும் உண்டு, பிறவியிலேயே இரு பெருவிரல்களும் குட்டையாய் வளைந்தும் உள்ளன என்றால், கத்தியைக் கீழே வைத்துவிட்டு மரபணுச் சோதனைக்குக் குருதி அனுப்புவதே செய்யத்தக்கது. சிரையிலிருந்து குருதி எடுப்பதால் கேடில்லை. தசைக்குள் ஆழமாகப் போடும் ஊசியே கேடு. தடுப்பு மருந்துகளில் தோலுக்கடியில் போடத்தக்கவற்றை அவ்வாறு போடுவர். பல் மருத்துவர் தாடை மரத்துப்போகப் போடும் ஊசியும் தாடையைப் பூட்டிவிடக்கூடும். இக்கூற்று இந்நோயாளர்க்கு மட்டுமே உரியது என்பதை அழுத்திக் கூறுகிறேன். ஏனைய குழந்தைகளுக்குத் தடுப்பூசி இன்றியமையாதது. பெருவிரல் வளைந்தோரெல்லாம் இந்நோயாளரும் அல்லர். முதியோர் பலருக்குச் செருப்பினாலும் பரம்பரையாலும் அவ்விரல் சாய்வதுண்டு.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிள்ளைக்குக் கழுத்துத் திரும்பவில்லை, தோள் உயரவில்லை என்றால், சுளுக்கு என்று கொண்டு எண்ணெயிட்டு நீவிவிடுவதும், விறைத்த மூட்டை இழுத்து வளைத்துப் பழக்குவதும் வழக்கம். சாதாரணச் சுளுக்குக்கு அதனால் பயன் உண்டா இல்லையா என்ற வழக்கில் நான் புகவில்லை. இந்நோயில் அழுத்தி நீவுதலும் வலிந்து மடக்குதலும் தசைக்குக் காயம். ஒவ்வொரு காயமும் புதிய எலும்புக்கு விடும் அழைப்பு.

தசையில் எலும்பு முளைக்கும் என்பதை வேறொரு திசையிலிருந்தும் அறிவியல் அணுகியது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மார்ஷல் யூரிஸ்ட் என்பவர் 1965ஆம் ஆண்டில் ஒரு சோதனையை வெளியிட்டார். எலும்புத் துண்டைக் காடியில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்து முழுவதையும் நீக்கி, எஞ்சிய மென்பொருளை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். சில வாரங்களில் அத்தசைக்குள் புதிய எலும்பு உண்டாயிற்று. அப்படியானால் எலும்பினுள்ளே, இங்கே எலும்பு கட்டுக என்று கட்டளையிடும் பொருள் ஒன்று இருத்தல் வேண்டும். அப்பொருள் ஒன்றன்று, பல புரதங்களைக் கொண்ட ஒரு குடும்பம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எலும்பு உருவாக்கும் புரதங்கள் என அவற்றை வழங்குவர். முதுகெலும்புகளை இணைக்கும் அறுவையில் இக்குடும்பத்துப் புரதம் ஒன்றைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2002இல் இசைந்தது.

கட்டளை உண்டு என்றால், கட்டளையைக் கேட்கும் செவியும் இருக்க வேண்டும் அல்லவா? உயிரணுவின் மேற்புறத்தில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. அவை பூட்டைப் போன்றவை. கட்டளைப் புரதம் திறவுகோல். திறவுகோல் பொருந்தியபோதே எலும்பு கட்டும் வேலை தொடங்கும். நோயாளரின் உடலில் கெட்டது திறவுகோலா, பூட்டா? இவ்வினாவுக்கு விடை காணப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. ஃபிலடெல்ஃபியாவிலே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவர் ஃபிரடெரிக் கேப்ளனும் மரபியலாளர் ஐலீன் ஷோரும் இதில் முனைந்தனர். மரபணுவைத் தேடுவதற்குத் தலைமுறை தலைமுறையாக நோய் தொடரும் குடும்பங்கள் வேண்டும். இந்நோயாளர் மக்கட்பேறு அடைவது அரிது. ஆகவே அத்தகைய குடும்பங்கள் உலகம் முழுவதும் தேடினும் கைவிரல் விட்டு எண்ணத்தக்கவையே.

அக்குடும்பங்களைத் தேடித் தொகுக்க உதவியவர்கள் நோயாளரே. ஜீனி பீப்பர் என்னும் அம்மையார், தாமும் இந்நோய் உடையவர், 1988ஆம் ஆண்டில் நோயாளர்க்கென ஒரு பன்னாட்டுச் சங்கத்தை நிறுவினார். தொடக்கத்தில் உறுப்பினர் 11 பேர். கணிப்பொறி வலை எங்கும் பரவாத காலம். கடிதம் எழுதியே ஒருவரையொருவர் அறிந்துகொண்டனர். ஈஸ்ட்லாக்கிற்கு வாழ்நாள் முழுவதும் கிட்டாத ஒன்று, தம்மைப் போன்ற இன்னொருவரின் முகம், இவர்களுக்குத் தபாலில் கிட்டியது. இச்சங்கம் திரட்டிய பொருளும் நோயாளர் அளித்த குருதியும் இன்றேல் ஆராய்ச்சி நடந்திராது என்றே நான் கருதுகிறேன்.

2006ஆம் ஆண்டு ஏப்ரலில் விடை வெளிவந்தது. கெட்டது பூட்டுத்தான். நம் இரண்டாம் குரோமோசோமில் ஏ.சி.வி.ஆர். 1 என்னும் மரபணு உள்ளது. அது ஆக்கும் ஏற்பிப் புரதம் 509 அமினோ அமிலங்களைக் கோத்த மாலை. அதிலே 206ஆவது மணி மாறியிருக்கிறது. ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். மரபணுவில் ஓர் எழுத்து மாறியதன் விளைவு இது. முன்னூறு கோடி எழுத்துக்கள் கொண்ட ஏட்டில் ஓரெழுத்துப் பிழை! வளர்ந்த மனிதனின் எலும்புகளும் 206, பிழை நேர்ந்த இடமும் 206. இது தற்செயல் ஒற்றுமையே. ஆயினும் தேர்வுக்குப் படிப்போர்க்கு நினைவில் நிறுத்த நல்ல வழி. உலகின் எந்த மூலையில் எந்த நோயாளரைச் சோதித்தாலும், மிகச் சிலர் நீங்கலாக, இதே எழுத்தில் இதே பிழைதான். பெரும்பாலோரிடம் பெற்றோர் இருவரும் நலமுடையவர்களே. பிழை புதிதாகவே நேர்கிறது. ஆகவே, தாய் சூலுற்றிருக்கையில் அதை உண்டாள், இதைக் கண்டாள் என்று அவள்மீது பழி சுமத்துவதற்கு இங்கே ஒரு சிறிதும் இடமில்லை.

பழுதான பூட்டு செய்யும் கேடு யாது என்பது 2015ஆம் ஆண்டில் இன்னும் விளங்கிற்று. ஆக்டிவின் ஏ என்ற ஒரு புரதம் உண்டு. காயமும் அழற்சியும் நேரும்போது அது மிகும். நலமுள்ளோரிடம் அது இப்பூட்டில் நுழைந்தாலும் பூட்டைத் திறக்காது. சொல்லப்போனால் வேறு திறவுகோல் நுழையாமல் அடைத்துக்கொண்டு நிற்கும். ஓர் எழுத்து மாறிய பூட்டிலோ அதே ஆக்டிவின் திறவுகோலாகிவிடுகிறது. அடிபட்டால் ஆக்டிவின் வரும். ஆக்டிவின் வந்தால் பூட்டுத் திறக்கும். பூட்டுத் திறந்தால் எலும்பு வளரும். ஈஸ்ட்லாக்கின் தொடையில் அறுவைக்குப் பின் எலும்பு ஏன் தடித்தது என்ற கேள்விக்கு, அவர் மறைந்து 42 ஆண்டுகள் கழித்து விடை கிட்டிற்று.

பத்து இலட்சத்தில் ஒருவருக்கு வரும் நோய்க்காக இத்தனை பேர் வாழ்நாளைச் செலவிட வேண்டுமா என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. கேட்கத்தக்க கேள்விதான். அந்த ஒருவருக்காகச் செலவிடலாம் என்பது என் முதல் விடை. இரண்டாவது விடை, தென்னாப்பிரிக்காவில் டச்சு வழியினரான ஆஃப்ரிக்கானர்களிடையே காணப்படும் மற்றோர் அரிய நோயில் இருக்கிறது. ஸ்கிலீராஸ்டியோசிஸ் என்பது அதன் பெயர். அந்நோயாளர்க்கு எலும்பு இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கும். ஆனால், அளவின்றித் தடிக்கும். மண்டையோடு தடித்து மூளையையும் முகத்து நரம்புகளையும் நெருக்கும். ஸ்கிலீராஸ்டின் என்னும் புரதம் அவர்களிடம் இல்லாமையே காரணம் என்று 2001இல் அறியப்பட்டது. அது எலும்பு கட்டுபவனைப் போதும் என்று தடுக்கும் புரதம். உடனே ஓர் எண்ணம் எழுந்தது. எலும்பு தேய்ந்து மெலிந்த முதிய பெண்களுக்கு அத்தடையைச் சற்றே தளர்த்தினால் என்ன? அவ்வெண்ணத்தில் பிறந்த ரோமோசோசுமாப் என்னும் மருந்துக்கு 2019ஆம் ஆண்டில் ஜப்பானும் அமெரிக்காவும் இசைவளித்தன. அரிய நோயர் சிலரின் துன்பத்திலிருந்து, இடுப்பெலும்பு முறியும் பாட்டிமார்க்கு மருந்து பிறந்தது. தசை எலும்பாக்க நோயிலும் அத்தகைய நன்மை காத்திருக்கலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்குப் பின்னும், தண்டுவடக் காயத்திற்குப் பின்னும், கடுந்தீப்புண்ணுக்குப் பின்னும், மரபணுப் பிழை ஏதுமில்லாத சாதாரண மனிதர் சிலரின் தசையிலும் எலும்பு முளைப்பதுண்டு.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. புதிய வீக்கம் தோன்றியவுடன் சில நாட்கள் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பர். பாலோவரோட்டீன் என்ற மாத்திரைக்குக் கனடா 2022 ஜனவரியிலும் அமெரிக்கா 2023 ஆகஸ்டிலும் இசைவளித்தன. அது புதிய எலும்பு வளர்வதைக் குறைக்கிறது. முன்பே வளர்ந்ததைக் கரைப்பதில்லை. வளரும் பிள்ளைகளின் எலும்பு வளர்ச்சியை அது முன்னரே நிறுத்திவிடக்கூடும். ஆகையால் அமெரிக்காவில் பெண் குழந்தைக்கு எட்டு வயதும் ஆண் குழந்தைக்குப் பத்து வயதும் ஆகுமுன் கொடுப்பதில்லை. நோயின் கொடுமை மிகுவது அவ்வயதிலேதான் என்பதை எண்ணிப் பாருங்கள். குள்ளமாக நின்றுவிடுதல் ஒருபுறம், விறைத்துப்போதல் ஒருபுறம். இவற்றுள் எதனைத் தேர்வது என்று பெற்றோர் மருத்துவர் எதிரில் அமர்ந்து எண்ண வேண்டியிருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த கேரல் ஓர்செல் என்னும் அம்மையார் இந்நோயோடு 58 ஆண்டுகள் வாழ்ந்தவர். நோயாளரும் மருத்துவரும் கூடிய கூட்டம் ஒன்றில் ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூட்டை அவர் கண்டார். தம் கூடும் அதனருகே வைக்கப்படவேண்டும் என்று கேப்ளனிடம் கூறினார். ஒரு நிபந்தனை விதித்தார்: தம் நகைகளையும் உடன் வைக்க வேண்டும். நகை அணிவதில் அவருக்கு அத்துணை ஆசை. 2018இல் அவர் மறைந்தார். 2019இல் அவருடைய எலும்புக்கூடு ஈஸ்ட்லாக்கின் கூட்டுக்கு அருகே காட்சிக்கு வைக்கப்பட்டது. நகைகளும் அப்பேழையில் உள்ளன.